மங்கோலியக் கூடாரத்து வாசற்படி

சிதம்பரத்தில் ஒரு டிராவல்ஸில் பதினெட்டு வருடம் கோயில் டூர் ஓட்டியவள் நான். மங்கோலியாதான் என் முதல் ஃபாரின் குரூப். கிளம்பும்போதே முதலாளி சொல்லிவிட்டார்: "ஒரு கம்ப்ளைன்ட் வந்தாலும் பழையபடி திருநள்ளாறு வண்டிதாம்மா ஒனக்கு."

மூன்றாம் நாளே வினை வந்தது. அன்றைக்குப் போனது, பழங்கால மங்கோலிய வாழ்க்கையை அப்படியே நடத்திக் காட்டும் ஒரு பார்க். புல்வெளியில் வட்டவட்டமாகக் கம்பளிக் கூடாரங்கள், குதிரைகள், அந்தக் கால உடுப்பில் ஆட்கள். தலைவர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து டீ குடிப்பதாக ஐட்டினரியில் நானே டைப் அடித்திருந்தேன். அந்த ஊர் கைடு பெண்ணோ, உள்ளே விடமாட்டார்கள், டீ வெளியில்தான் என்றாள். முன்னால் வந்த குரூப்பில் யாரோ வாசற்படி மேலேயே ஏறி நின்று போட்டோ எடுத்தார்களாம். கூடாரத்தைக் கவனிக்கும் அம்மாள் கடுங்கோபத்தில் இருந்தார்.

எங்கள் குரூப்பில் காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவர், வாய் ஜாஸ்தி. "ஏம்மா, இவ்ளோ தூரம் பறந்து வந்தது வெளிய நின்னு பாக்கவா? ஊருக்குப் போயி ஒங்க மொதலாளிகிட்ட பேசிக்கிறேன்" என்றார்.

அதற்குள் கைடு உள்ளே போய், படிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே வியாபாரியிடம் டீக் கிண்ணத்தை நீட்டினாள். மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாசப்படிக்கு அந்தாண்ட நின்னு குடுத்தா வாங்கக் கூடாதும்மா. ஒண்ணு அவுங்க வெளிய வரணும், இல்லன்னா நாம உள்ள போவணும். இதுகூடவா தெரியாது இந்தப் பொண்ணுக்கு?"

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சை நான் மழுப்பிவிடுவேன். அன்றைக்கு இருந்த பயத்தில் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். கைடு சிவந்த முகத்தோடு அதை அந்த அம்மாளிடம் சொன்னாள். அவர் சட்டென்று எழுந்துவிட்டார். அவர்களுக்கும் அதே வழக்கமாம்; படியை மிதிக்கவும் கூடாது, படிக்குக் குறுக்கே எதையும் கொடுக்கவும் கூடாது. கைடுக்கு ஒரு டோஸ் விட்டுவிட்டு, எங்களை வா வா என்று இரண்டு கையாலும் அழைத்தார்.

பதினாறு பேரும் ஷூவைக் கழற்றி வரிசையாக விட்டோம். இங்கே கழற்ற வேண்டாம் என்று கைடு கத்தியது யார் காதிலும் விழவில்லை. அந்தக் குளிரில் சாக்ஸ் காலோடு, ஒருவர் பாதமும் படியில் படாமல், வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனோம். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். உப்புப் போட்ட டீயை வியாபாரி மூன்று கிண்ணம் குடித்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: குரூப்பில் வாய் ஜாஸ்தியானவர் பேசுவதை மழுப்பாதீர்கள், முழுசாக மொழிபெயர்த்துவிடுங்கள்.

வெளியே வந்ததும் வியாபாரி என் போனிலேயே முதலாளியைக் கூப்பிட்டார். "அடுத்த வருசமும் இந்தம்மாவயே அனுப்புங்க சார், என் மச்சான் குடும்பமும் வருது."

போனை வாங்கி நான் ஒன்றுதான் சொன்னேன்: "திருநள்ளாறு வண்டிக்கு வேற ஆள் பாத்துக்குங்க சார்."