புளிச்ச சட்டையும் செயற்கை இலையும்

எழுபதுகளின் கடைசியில் நான் இலை செய்துகொண்டிருந்தேன். வாழையிலை இல்லை; அது பாகூர்ப் பக்கம் யாருடைய ஆராய்ச்சியும் இல்லாமல் தானாகவே முளைக்கும். இலையின் பச்சையத்துக்குள் வெயிலை வாங்குகிற வளையம் ஒன்று இருக்கிறது. அதன் பங்காளி வளையத்துக்குப் பெயர் போர்ஃபிரின். அந்த வளையங்களைச் சொந்தமாகச் செய்து, ஒன்றோடொன்று கோத்து, முதல் வளையம் வாங்கிய வெளிச்சத்தை அடுத்ததுக்குக் கைமாற்ற வைக்க வேண்டும். அதற்குத்தான் எனக்கு டாக்டர் பட்டம் தருவதாக இருந்தார்கள்.

வளையம் செய்ய, பைரோல் என்ற திரவத்தை முதலில் வடித்தெடுக்க வேண்டும். பிறகு புரோப்பியானிக் அமிலத்தில் கொதிக்க விட வேண்டும். அந்த அமிலம் இருக்கிறதே, ஒரு வாரம் மூடிவைத்த பழைய சோறு மாதிரி நாறும். சட்டையில் ஏறினால் எந்த சோப்புக்கும் இறங்காது.

வில்லியனூர் பஸ்ஸில் ஒருநாள் கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். "இன்னா சார், சாராய ஊறல் வாசனை அடிக்குது?"

சும்மா இருக்கத் தெரியாத வாய் எனக்கு. "இப்பதாண்ணே வடிச்சிட்டு வரேன். நல்ல சரக்கு" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

அந்த நேரம் பார்த்துச் செலியமேட்டில் எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா கரும்பு விவசாயி. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க எங்கள் ஊருக்குள் ஆள் விட்டார். கண்டக்டர் மளிகைக்கடை பாயிடம் சொல்லி வைத்திருந்தார். பாய் விசாரிக்க வந்தவரிடம் சொன்னார். வந்தவர் செலியமேட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். என் வளையங்கள் ஒரு நாளும் இவ்வளவு சுத்தமாகக் கைமாற்றியதில்லை.

இது எதுவும் தெரியாமல் பெண் பார்க்கப் போனேன். ராஜ மரியாதை. பெண்ணை எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் அவள் கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன. நானும் தினம் கண்ணாடி பார்க்கிறவன்தான் என்பதால் அதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

அவளுடைய அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "தம்பி, வெல்லம் எவ்ளோ வேணும்னாலும் நம்ம கிட்ட கீது. மாசம் எத்தினி பீப்பா எறக்குவீங்க?"

"பீப்பாவா? ஒரு சிட்டிகை வரும்ங்க. ஊதாப் பொடி."

"பொடியா? அது இன்னா பண்ணும்?"

"வெளிச்சத்த வாங்கி அடுத்ததுக்குக் குடுக்கும்."

"அது?"

"அதுக்கு அடுத்ததுக்குக் குடுக்கும்."

"கடசில?"

"கடைசில இருக்கறது லேசா செவப்பா மினுங்கும்."

"குடிச்சா?"

"ஐயோ, குடிக்கக் கூடாதுங்க."

"அப்போ நீ சாராயம் காச்சலியா?"

"காலேஜ்ல ஆராய்ச்சி பண்றேங்க" என்றேன். ஏதோ கொலைக் கேஸை ஒப்புக்கொண்டவன் மாதிரி என் குரல் இறங்கிப்போனது.

"நம்ம கரும்பு வெயில சும்மாவே வாங்கிக்குதேபா, அதுக்கு ஒரு படிப்பா?" என்று எழுந்து தோள்துண்டை உதறினார். என் கல்யாணமும் அந்த உதறலில் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அப்பா, உக்காருங்க" என்றாள் உள்வாசலில் நின்ற பெண். "சாராயம் காச்சறவனுக்குக் கட்டி வெக்கறீங்களேன்னுதான் காலைலேர்ந்து அழுதேன். சிட்டிகைப் பொடின்னா எனக்குச் சம்மதம்."

அவர் உட்கார்ந்தார். மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசி நம்பிக்கையாகக் கேட்டார்:

"அந்த வடிக்கிற கண்ணாடிச் சாமானாச்சும் சொந்தமா தம்பி?"

"அதுவும் காலேஜோடதுதாங்க" என்றேன்.