சித்தப்பாவின் பம்பு எஞ்சின் கார்

என் சித்தப்பாவை எல்லோரும் போல்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின்களைப் பொருத்தித் தருவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். சிமெண்டு மேடையில் எஞ்சினை உட்கார வைத்து நான்கு மூலையிலும் அவர் போல்ட் முறுக்கிவிட்டால், மேடை பெயர்ந்தாலும் எஞ்சின் பெயராது என்பார்கள். தான் பொருத்திய எஞ்சின் ஆடினால் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்பவர்.

சித்தி தையல் ஆலையில் வேலை பார்த்தாள். தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் விரித்துக் குறை பார்க்கும் வேலை. நாள் முழுக்க நின்றபடிதான். போகவும் வரவும் இரண்டு பஸ் மாற வேண்டும். அதிலும் உட்கார இடம் கிடைக்காது. ஒரு சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்த்தபோதுதான் சித்தப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. இவளை உட்கார வைத்து வேலைக்கு அழைத்துப் போக வேண்டும்.

எஞ்சின் செத்துப்போன பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். கழித்துக்கட்டிய ஜெனரேட்டரின் டீசல் எஞ்சின் பட்டறை மூலையில் கிடந்தது. அதையும் காரின் கியர் பெட்டியையும் சேர்க்கக் கனமான இரும்புத் தகட்டை வெட்டித் துளையிட்டார். மையம் மயிரிழை விலகினாலும் கிளட்ச் போய்விடும் என்று அளந்து அளந்து செய்தார். எஞ்சின் உயரம் அதிகம். பானெட்டில் ஓட்டை போட்டு அதன் தலையை வெளியே எட்டிப்பார்க்க விட்டார். பாரத்தில் முன்பக்கம் தாழ்ந்தது. சரக்கு வண்டியின் ஸ்பிரிங்கைப் போட்டு நிமிர்த்தினார். கடைசியில், தன் வழக்கப்படி, எஞ்சினை இரும்புச் சட்டத்தின் மேல் நேராக வைத்து போல்ட்டை முறுக்கினார். ஸ்பானரின் மேல் ஏறி நின்று முறுக்கினார் என்று சித்தி சொல்வாள்.

கார் ஓடியது. மெதுவாக, ஆனால் எங்கும் நின்றுவிடாமல். தெருமுனையில் சத்தம் கேட்டதுமே எதிர்வீட்டுக்காரர், "பம்பு செட்டு வருது, குடம் வாளியெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்று குரல் கொடுப்பார். சித்தப்பாவும் விடமாட்டார். "உன் வீட்டுத் தொட்டிக்கு மட்டும் தண்ணி லைன் கிடையாது" என்பார்.

சித்தி சில வாரங்கள் அதில் போனாள். பிறகு ஒரு காலையில், பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றாள். கூட வேலை பார்ப்பவர்கள் பேச்சுத் துணைக்கு இருக்கிறார்கள் என்று காரணம் சொன்னாள். தெருவின் கேலிக்கு வெட்கப்படுகிறாள் என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார். வீம்புக்காரர், அதற்கு மேல் கேட்கவில்லை. சித்தி பஸ் நிறுத்தத்துக்கு நடப்பாள். அவர் காலிக் காரை அவளைத் தாண்டிப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போவார். வருடக்கணக்கில் இப்படியே நடந்தது.

நான் அப்போதெல்லாம் ஊரில் இல்லை. கால் போன போக்கில் எங்கெங்கோ அலைந்துவிட்டுத் திரும்பியபோது சித்தி வேலையை விட்டிருந்தாள். முதுகு ஒத்துழைக்கவில்லை. நாற்காலியில்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்தாள்.

ரயில் நிலையத்திலிருந்து என்னை அழைத்து வந்தது அந்தக் கார்தான். வீடு வருவதற்குள் என் பற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அன்று சாப்பிடும்போது, நான் போன ஆற்றுப் படகு ஒன்றைப் பற்றிச் சொன்னேன். அதிலும் இதே மாதிரி எஞ்சின்தான். படகுக்காரர் அதன் அடியில் பழைய டயர்த் துண்டுகளைக் கொடுத்து, ரொம்ப இறுக்காமல் பூட்டியிருந்தார். பக்கத்திலேயே ஒரு கைக்குழந்தை நன்றாகத் தூங்கியது. பயணக் கதையாகத்தான் அதைச் சொன்னேன்.

சித்தப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எஞ்சினை ஆட விட்டானா?"

"அது ஆடுச்சு சித்தப்பா. படகு ஆடலை."

அவர் சித்தியின் பக்கம் திரும்பினார். "அதனாலதான் நீ வண்டியில வரலையா?"

சித்தி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "இறங்கினா நிமிர முடியலைங்க. அதுக்கு பஸ்ஸுல நின்னுக்கிட்டே போறது தேவலாம்னு இருந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"கையெல்லாம் காய்ச்சுப்போய் எனக்காகச் செஞ்சீங்க. எந்த வாயால சொல்றது?" செம்பைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களும் கேக்கலையே" என்றாள்.

சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் காலை காரின் அடியில் படுத்தார். அவர் முறுக்கிய போல்ட் அவருக்கே அசைந்து கொடுக்கவில்லை. ரம்பம் போட்டு அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. எஞ்சினுக்கு அடியில் தடித்த ரப்பர்க் கட்டைகளைக் கொடுத்தார். சரக்கு வண்டி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இளக்கமானதாகப் போட்டார். தண்ணி லைனை மாற்றுகிறாயா என்று கேட்டபடி வந்த எதிர்வீட்டுக்காரர், சித்தப்பா காருக்கு அடியிலிருந்து தலையை எடுக்காததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வேலை முடிந்ததும் சித்தியைக் கூப்பிட்டார். அவள் கதவைப் பிடித்து மெல்ல ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் வெளியே நின்றிருந்தேன். எஞ்சின் கிளம்பியது. பானெட் ஓட்டைக்குள் அதன் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. சித்தியின் தோள் அசையவில்லை.

"எங்க போகலாம்?" என்றார் சித்தப்பா.

சித்தி யோசித்தாள். ஆலையைத் தவிர அவள் தினமும் போய்வந்த இடம் வேறு இருந்ததில்லை.

"இனி எங்கங்க போறது. இப்படியே கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்."

சித்தப்பா எஞ்சினை நிறுத்தவில்லை. கியரில் வைத்த கையை எடுக்காமல், முன்கண்ணாடி வழியே பஸ் நிறுத்தத்துக்குப் போகும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.