சீல் குத்திய பட்டியல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் இந்த விஷயத்தில் நான் கோபப்பட்டிருக்க வேண்டிய ஆள் நானேதான். அதனால்தான் இத்தனை நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

உத்திரமேரூர் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். சுற்றியுள்ள ஊர்களில் எட்டாம் வகுப்போடு நிற்கிற பள்ளிகள்தான் அதிகம். அங்கே முடித்த பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு எங்களிடம் வருவார்கள். கோடை விடுமுறைக்கு முன்பு ஒருநாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, “ஒன்பதாவதுல புதுசா சேர்ற பசங்களுக்குப் பத்து நல்ல புக்கா பாத்து லிஸ்ட் போட்டுக் குடுங்க மேடம். ஆபீசர் வந்தா காட்டலாம்” என்றார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பள்ளி நூலகம் என்பது ஆசிரியர் அறையில் நிற்கும் இரண்டு இரும்பு பீரோக்கள். அவற்றுக்கு நான்தான் பொறுப்பு. விடுமுறையில் புத்தகங்களைக் கட்டு கட்டாக வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். பதினான்கு வயதில் உடம்பு மாறுகிறது, யாரிடமும் கேட்க முடிவதில்லை. அதைக் கூச்சமில்லாமல் சொல்கிற ஒரு புத்தகம். பறவைகளைப் பற்றி ஒன்று, வானத்து நட்சத்திரங்களைப் பற்றி ஒன்று. ஒரு கடல் பயணம். கோழி திருடியவனைப் பற்றிய கதை இருக்கும் ஒரு சிறுகதைத் தொகுப்பு. அதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். நீதி சொல்லி மண்டையைக் கழுவுகிற புத்தகம் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத்தான் வீடு நிறைய ஆள் இருக்கிறதே.

பத்தும் எங்கள் பீரோவில் இருந்தவை. பட்டியலின் கீழே ‘இவை நம் பள்ளியிலேயே கிடைக்கும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். நான் சேர்க்கவில்லை. மறதியால் அல்ல. எழுதினால் பிள்ளைகள் கேட்டு வந்துவிடும், கொடுத்தால் தொலைந்துவிடும், தொலைந்தால் கணக்கெடுப்பில் நான் பதில் சொல்ல வேண்டும். ஆபீசர் வருகிற அன்றைக்கு பீரோவைத் திறந்து, ஆளுக்கொரு புத்தகம் கையில் கொடுத்து வரிசையாக உட்கார வைப்போம். ஆபீசரின் வண்டி கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவோம். எனக்கு முன்னால் பொறுப்பில் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். பீரோ சாவி என் ஸ்கூட்டி சாவியோடு ஒரே வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியர் பட்டியலில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, வட்ட சீல் குத்தி, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். சேர்க்கைக்குக் கொண்டுவர வேண்டிய சான்றிதழ்களின் பட்டியல் ஏற்கெனவே அங்கே இருந்தது. அதே கையெழுத்து, அதே சீல். பக்கத்தில் இடம் இருந்ததால் நான் அங்கேயே ஒட்டினேன்.

ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். மாகறல் பக்கத்திலிருந்து ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை போன் செய்தார். எட்டாவதில் அவர் வகுப்பில் முதலாவதாக வந்த பெண் எங்களிடம் சேர்ந்துவிட்டாளா என்று கேட்டார். பதிவேட்டைப் பார்த்தேன், அப்படி யாரும் சேரவில்லை. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. படிக்கிற பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், வேறென்ன! அப்பனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று அந்த ஆசிரியையிடமே வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு அன்று சாயங்காலமே ஸ்கூட்டியில் கிளம்பினேன்.

வரிசையாக இருந்த தொகுப்பு வீடுகளில் அவர்களுடையது கடைசி. அந்தப் பெண்ணின் அப்பா வயல் வேலை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் வண்டியை ஸ்டாண்ட் போடும் முன்பே ஆரம்பித்துவிட்டேன். “முதல் மார்க் எடுத்த பிள்ளைய இப்படி நிறுத்தி வெச்சிருக்கீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?”

அவர் பதறிப்போனார். “அய்யய்யோ, நிறுத்தலீங்க டீச்சரம்மா! புக்கு சேரட்டும்னு காத்துக்கினு கீறோம். பத்துல மூணுதான் ஆப்டுச்சி.”

“எந்த புக்கு?” என்றேன்.

“அதாங்க, பள்ளிக்கோடத்துல ஒட்டி வெச்சீங்களே. பாப்பா செல்லுல போட்டோ புட்ச்சி குட்த்துச்சி. எனக்குப் படிக்கத் தெரியாது. வாலாஜாபாத்துல காட்டுனேன், காஞ்சிபுரத்துல காட்டுனேன், மெட்ராஸுக்குப் போன்னுட்டாங்க. வேலய உட்டுட்டு ரெண்டு தபா போயாந்தேன். கடை கடையா செல்ல காட்டிக்கினே நடந்தேன். பேஜாராப் பூட்ச்சிங்க.”

அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்து நின்றாள். புத்தகம் சேரும்வரை அம்மாவோடு களை எடுக்கப் போகிறாளாம். விரல் இடுக்குகளில் சேறு காய்ந்திருந்தது.

“இதெல்லாம் வாங்கிட்டுத்தான் வரணும்னு உனக்கு யாரும்மா சொன்னது?” என்றேன்.

“சீல் இருந்துச்சே மிஸ்” என்றாள்.

சாதிச் சான்றிதழோ மாற்றுச் சான்றிதழோ, பச்சைக் கையெழுத்தும் வட்ட சீலும் உள்ள காகிதம் ஒன்று குறைந்தாலும் ஜன்னலிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டுப் பழகிய ஜனங்கள். சீல் குத்திய காகிதம் பத்து என்று சொன்னால் பத்தையும் சேர்த்துக்கொண்டுதான் அவர்கள் படியேறுவார்கள். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். நான் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த மூன்று புத்தகங்களை எடுத்து வந்து காட்டினாள். மூன்றையும் இரண்டு தடவை படித்துவிட்டாளாம். “இதுல நம்ம ஏரிக்கு வர்ற நாரை கீது மிஸ்! நத்தையத் தின்றதுக்குத்தான் அதுக்கு மூக்கு நடுவுல சந்து விட்டுக்கீதாம்” என்று பறவைப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டும்போது மட்டும் முகம் மலர்ந்தது. பிறகு, “மீதி ஏழு எங்க மிஸ் கெடைக்கும்?” என்றாள்.

சாவி வளையம் என் கையில் இருந்தது. அதைக் கைப்பைக்குள் போட்டேன். “அத நான் பாத்துக்கறேன். புக்கு இல்லாட்டியும் சேத்துப்போம், நாளைக்கே வா” என்றேன். அவள் அப்பா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை அப்பாவும் மகளும் வந்தார்கள். சேர்க்கை முடிந்தது. அப்பாவை வராந்தாவில் இருக்கச் சொல்லிவிட்டு, அவளை ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போய் பீரோவைத் திறந்தேன். அவள் தட்டுத் தட்டாகப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாள். பட்டியலில் இருந்த ஒரு பெயரில் விரல் நின்றது. பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போய்ப் பத்தையும் கண்டுபிடித்துவிட்டாள்.

“இதெல்லாம் எப்போ வந்துச்சி மிஸ்?”

“நான் இந்த ஸ்கூலுக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கும்மா. தப்பு என்னோடது.”

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பீரோக் கதவைப் பாதி சாத்தினாள். “எங்க நைனாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மிஸ்” என்றாள்.

இருவரும் வெளியே வந்தோம். அவள் கையில் ஏழு புத்தகங்கள். அதைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். “அடேங்கப்பா! அல்லாமே ஆப்ட்ச்சா? எங்க கெட்ச்சிது டீச்சரம்மா?”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மெட்ராஸ்லதாங்க” என்றேன்.

அவர் ஒரு புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாந்தான் சரியா தேடல போல கீது” என்றார். “படிக்கத் தெரிஞ்சிருந்தா கண்டுபுட்ச்சிருப்பேன்.”