பழைய கூரைகளுக்குப் பொருந்தாது

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கருகல் அக்கா. தர நிர்ணய அலுவலகத்தின் பின்பக்கச் சோதனைக்கூடத்தில், சோலார் பேனலுக்கான வயர், ஸ்விட்ச், கனெக்டர் என்று எது வந்தாலும் அது எரிகிற வரைக்கும் சூடேற்றிப் பார்ப்பதுதான் அவள் வேலை. லிஃப்டில் அவள் ஏறினால் பிளாஸ்டிக் கருகிய வாடையும் கூடவே ஏறும். "அக்கா, இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்காத ஆள் கிடையாது. "வா, உன்னையும் ஒரு தடவ வறுத்துப் பாக்குறேன்" என்பாள். வீட்டுக் கூரைகளில் பேனல் மாட்டுவதற்கான பாதுகாப்பு விதிமுறைகளை எழுதும் குழுவுக்கும் அவள்தான் செயலாளர். எரித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறவள் என்பதால் அவள் பேச்சுக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது.

அவள் தம்பி பேனல் மாட்டுகிறவன். பெற்றோர் அடுத்தடுத்துப் போனபிறகு அவனைப் படிக்கவைத்து, ஒரு கடையும் வைத்துக்கொடுத்து, கல்யாணமும் செய்துவைத்தவள் அவள்தான். "அக்கா சட்டம் எழுதுறா, நான் வயர் இழுக்குறேன். குடும்பமே வெயிலை வித்துத்தான் சாப்பிடுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வாய் ஜாஸ்தி, வேலை சுத்தம். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கூரை அவன் கைபட்டதுதான்.

வினை ஒரு சின்னச் சாமானில் இருந்தது. ஒரு பேனலின் வயரையும் அடுத்த பேனலின் வயரையும் இணைக்க, கட்டைவிரல் பருமனில் ஒரு கனெக்டர் உண்டு. இரண்டு பாதி. ஒன்றுக்குள் ஒன்றைத் தள்ளினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். வேறு வேறு கம்பெனிப் பாதிகளும் நுழையும், டக்கென்ற சத்தமும் வரும், ஆனால் உள்ளே உலோகம் சரியாகப் படியாது. அடுத்தவர் செருப்பில் கால் நுழைவது மாதிரிதான், நாலு எட்டு நடக்கலாம், ஊர் போய்ச் சேர முடியாது. வெயில் ஏற ஏற அந்த இணைப்பு சூடாகும், உருகும், ஒருநாள் பற்றிக்கொள்ளும். ஆனால் கையில் எந்தப் பாதி கிடைக்கிறதோ அதை மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிற தொழில் அது. சந்தை முழுக்க இந்தக் கலப்புதான்.

அவள் அதைச் சோதனைக்கூடத்தில் கண்டாள். மறுபடி மறுபடி எரித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு எழுதினாள்: இனிமேல் கலக்கக் கூடாது. ஏற்கெனவே கலந்து மாட்டிய கூரைகளை, மாட்டியவரே தன் செலவில் திறந்து மாற்றித்தர வேண்டும். உருகத் தொடங்கிய இணைப்பை எப்படி அணுகுவது என்று ஒரு பின்னிணைப்பும் சேர்த்தாள். பேனல்களைக் கனமான துணியால் மூடி வெளிச்சத்தை மறைக்க வேண்டும். பேனலைத் தாங்கும் அலுமினியச் சட்டத்தில் மின்சாரம் ஏறியிருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்காமல் தொடக்கூடாது. இடுப்பில் கயிறு வேண்டும், தனியாக ஏறக்கூடாது. பச்சைப்பிள்ளைக்குச் சோறூட்டுவதுபோல வரிவரியாக எழுதியிருந்தாள்.

வரைவு வெளியே கசிந்த அன்றே தம்பி அவள் வீட்டுக்கு வந்து நின்றான். எப்போதும் உள்ளே வரும்போதே ஏதாவது கிண்டல் செய்கிறவன், அன்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, பழசையெல்லாம் திரும்ப நோண்டணும்னு எழுதியிருக்கியாமே?"

"ஆமாடா. எரியுது. என் கண்ணால பாத்தேன்."

"நான் போட்டதுல முக்காவாசி கலப்புதான்."

"தெரிஞ்சா போட்டே?"

"யாருக்குக்கா தெரியும்? டக்குன்னு சத்தம் வந்துச்சு, அடுத்த வேலைக்குப் போயிட்டேன். அத்தனையும் என் செலவுல மாத்தணும்னா கடைய மூடிட்டு உன் வாசல்ல வந்து உக்காரவேண்டியதுதான். என்னை ஆளாக்கினவளே என் தலையில கல்லத் தூக்கிப் போடுவியா?"

அவன் போனபிறகு வெகுநேரம் கதவைச் சாத்தாமலே உட்கார்ந்திருந்தாள்.

மௌனம் சம்மதம் என்பதைச் சட்டமாகவே வைத்திருக்கும் இடம் அந்தக் குழு. தலைவர் ஒவ்வொரு ஷரத்தாக வாசித்துக்கொண்டே போவார். யாரும் வாய் திறக்காவிட்டால் அது நிறைவேறியதாகக் கணக்கு. ஒருவர் ஆட்சேபித்தால் நிற்கும். பழைய கூரைகளைப் பற்றிய ஷரத்து வந்ததும் பேனல் கம்பெனிகளின் பிரதிநிதி கையைத் தூக்கினார். எதிர்பார்த்ததுதான். "விதிமுறைங்கிறது இனிமே வர்றதுக்குத்தான் சார். முடிஞ்சுபோனதத் தோண்டினா எவன் இந்தத் தொழிலுக்கு வருவான்?"

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. சோதனை என்ன சொல்லுது?"

எரிந்த கனெக்டர்கள் அவள் கைப்பையில் இருந்தன. எடுத்து மேஜைமேல் வைத்திருந்தால் போதும், அந்தப் பிரதிநிதி வாயை மூடியிருப்பார். அவள் பையின் ஜிப்பைத் தொட்டாள், விட்டாள்.

"பழைய கூரைகளப் பத்தி இன்னும் பாக்கணும் சார்" என்றாள்.

வேலியே பயிரை மேய்ந்தது. அவள் சொன்னது பொய் என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். 'பழைய கூரைகளுக்குப் பொருந்தாது' என்று ஒரு வரி சேர்ந்தது. ஷரத்து போனால் அதன் பின்னிணைப்பும் போகும், அது அந்த அலுவலகத்து வழக்கம். கயிறு, துணி, துணைக்கு ஆள் என்று அவள் பார்த்துப் பார்த்து எழுதிய பக்கங்களை அவளே எடுத்துப்போட்டாள். அதற்காக மட்டும் அவள் அன்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வழக்கம் என்றால் கை தானாகச் செய்துவிடுகிறதே, அதுதான் கொடுமை.

அன்று மாலை தம்பியைக் கூப்பிட்டாள். "உனக்காக நான் வாய மூடிட்டேன். எனக்காக நீ ஒண்ணு செய். யாருக்கும் சொல்லவேணாம். மெதுவா, ஒவ்வொரு வீடாப் போய் மாத்திடு."

"மாத்திடுறேன்க்கா. சத்தியமா."

வேறு எவனாக இருந்தாலும் காரியம் முடிந்ததும் கழன்றிருப்பான். இவன் செய்தான். லீவு நாள்களில், சம்பளத்துக்கு இருக்கும் ஆள்களைக்கூட அழைக்காமல், தனியாக ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். ஆள்களை அழைத்தால் விஷயம் வெளியே போய்விடும் அல்லவா? "இலவச சர்வீஸ்" என்றான். வீட்டுக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். நல்ல காரியத்தைத் திருடனைப்போலச் செய்யவேண்டிய நிலைமைக்கு அவனைக் கொண்டுவந்து விட்டது அக்காவின் பாசம்.

ஒரு உச்சிவெயிலில், இரண்டு மாடி வீட்டின் சரிவான கூரையில் ஏறினான். கீழே ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சூரியனை எந்த ஸ்விட்ச் அணைக்கும்? வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும். அந்த வரிசையில் ஒரு இணைப்பு ஏற்கெனவே உருகி, அதன் வழியாக அலுமினியச் சட்டத்தில் மின்சாரம் ஏறியிருந்தது. சட்டத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, செம்பு வெளியே தெரிந்த இன்னொரு இணைப்பைப் பிடித்தான். தூக்கி எறிந்துவிட்டது. இடுப்பில் கயிறு இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

"தனியா ஏறினாராம், கயிறு கூடக் கட்டலையாம். அசட்டுத்தனம்" என்று விசாரிக்க வந்தவர்கள் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் எடுத்துப்போட்ட பக்கங்களைத்தான் அவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் தம்பி மனைவி அவளைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணி, கடைய இனிமே நான்தான் பாக்கணும். பிள்ளைங்க இருக்கு. நீங்க எதையும் கிளறாதீங்க. இலவசமா வந்து பாத்துக் கொடுத்தாருன்னு ஜனங்க அவர நல்லவிதமாப் பேசுறாங்க. அதுவாச்சும் மிஞ்சட்டும்."

அவள் தலையை அசைத்தாள். சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. கிளறினால் அத்தனை கூரைகளும் இந்தப் பெண்ணின் தலையில் விடியும். கிளறாவிட்டால் அந்தக் கூரைகளுக்குக் கீழே தூங்குகிறவர்கள் கதி? இனி ஏணி வைத்து ஏறப்போகிற இன்னொருத்தியின் தம்பி?

அடுத்த கூட்டத்தில் அந்த ஷரத்தைப் பின்னிணைப்போடு மறுபடி வைத்தாள். கம்பெனிப் பிரதிநிதி பெருமூச்சு விட்டார். "எவனோ ஒருத்தன் கயிறு கட்டாம ஏறி விழுந்ததுக்காக ஊரையே தண்டிக்க முடியுமா மேடம்?"

"எவனோ இல்ல சார், என் தம்பி." அவள் பையின் ஜிப்பைத் திறந்தாள். "அந்தக் கலப்புக் கனெக்டரெல்லாம் அவன்தான் மாட்டினான். அது எரியும்னு போன கூட்டத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். இன்னும் பாக்கணும்னு சொன்னது பொய். அவன் கடையக் காப்பாத்துறதுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்." பையிலிருந்த கருகிய கனெக்டர்களை மேஜைமேல் கொட்டினாள். ஒன்று உருண்டு தலைவரின் தண்ணீர் டம்ளரில் முட்டி நின்றது.

தலைவர் ஷரத்தை வாசித்தார். யாரும் வாய் திறக்கவில்லை. நிறைவேறியது. அவளைச் செயலாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்காமல் இருந்திருந்தால்தான் தப்பு.

நேரே கடைக்குப் போனாள். விஷயம் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தம்பி மனைவி தரையில் உட்கார்ந்து, கனெக்டர் டப்பாவைக் கவிழ்த்து, கம்பெனி வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொல்லிட்டீங்க."

"சொல்லிட்டேன்மா."

"ஒரு மணி நேரமா ஃபோன் ஓயல. அவரத் திருடன்னு சொல்றாங்க."

"ஒவ்வொரு கூரைக்கும் நானும் வர்றேன். துணி, கயிறு எல்லாம் எடுத்துகிட்டு வர்றேன்."

அந்தப் பெண் ஒரு கனெக்டரை எடுத்துத் திருப்பிப் பார்த்து, எந்தக் குவியலிலும் சேர்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா அவரு உங்க மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டாரு. கடைசிவரைக்கும் உங்ககூடப் பேசியிருக்க மாட்டாரு" என்றாள்.

"தெரியும்மா."

"உயிரோட இருந்துகிட்டு பேசாம இருந்திருப்பாரு, அண்ணி."