சிம்பாங் வரைக்கும் வந்தவள்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. கோலா சாவா பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பழைய தொழிலாளர் லைன் வீடுகளில் நாங்கள் சில குடும்பங்கள் இன்னும் குடியிருக்கிறோம். தோட்ட வேலைக்கு இப்போது யாரும் போவதில்லை. பாதிப் பேருக்குச் செனாவாங் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை. நானும் அங்கே ஓர் ஆபரேட்டர்தான்.

முதலில் என்னைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம். எங்கள் தேவாலயத்துப் பெண்கள் ஐக்கியத்தில், துக்க வீட்டுக்குப் போய் ஆறுதல் ஜெபம் நடத்துவது பல வருடமாக என் பொறுப்பு. யார் வீட்டில் சாவு என்றாலும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பேன். எந்தச் சாவுக்கு எந்த வசனம் என்று ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். வயதானவருக்கு ஒன்று, நோயில் போனவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. பாட்டு, வசனம், ஜெபம், கடைசியில் குடிக்கச் சூடாக மைலோ. எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் போனால் அழுகை நின்றுவிடும் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த வருடம் ஒரு மழை நாளில் என் கணவர் போய்விட்டார். மாலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரந்தாவ் டவுனுக்குப் போனவர், திரும்பி வரும்போது சறுக்கி விழுந்தார். மீன் வாங்கி வரச் சொன்னது நான். மழையாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாமே என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதற்காகவே போனார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறுதல் ஜெபத்துக்கு ஐக்கியத்துப் பெண்கள் வந்தார்கள். எப்போதும் முன்னால் நின்று நடத்துகிறவள் நான் என்பதால், என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அலமாரியில் இருந்த என் நோட்டுப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டார்கள். விபத்து என்று நான் தலைப்புப் போட்டிருந்த பக்கத்தைத் திறந்து, வரிசையாக எனக்கே வாசித்தார்கள். என் கையெழுத்திலேயே எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒரு வார்த்தைகூட உள்ளே இறங்கவில்லை. இத்தனை வருடம் மற்றவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியது. உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டேன்.

அதன் பிறகு நான் தேவாலயத்துக்குப் போகவில்லை. வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ போட்டு வரும் வசனங்களைத் திறக்காமலே அழித்தேன். ஆண்டவர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், என் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்ற கோபம்.

விடுப்பு முடிந்தது. வேலைக்குப் போகவேண்டிய முதல் நாள்தான், எப்படிப் போவது என்ற யோசனையே வந்தது. கம்பெனி பஸ் எங்கள் லைனுக்குள் வராது. செம்பனைக்கு நடுவே தோட்டத்துச் சாலையில் இருபது நிமிடம் நடந்து, பெரிய ரோட்டு முச்சந்தியில், நாங்கள் சிம்பாங் என்போம், அங்கே நிற்கவேண்டும். அத்தனை வருடமும் விடியுமுன் என்னை மோட்டாரில் அங்கே கொண்டுபோய் விட்டது அவர்தான். இனி யார் மோட்டாரிலும் ஏற எனக்குத் தைரியம் இல்லை.

குடையோடு வெளியே வந்தபோது, மூன்று வீடு தள்ளியிருந்தவள் கையில் டார்ச் லைட்டோடு வாசலில் நின்றாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். லோபாக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. எங்கள் சபைதான். ஐந்து வருடத்துக்கு முன்பு டெங்கிக் காய்ச்சலில் தன் ஒரே மகளைப் பறிகொடுத்தவள்.

"நானும் அந்தப் பக்கம்தான் போறேன்க்கா" என்றாள்.

டவுன் பஸ் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் வேலைக்குப் போகும் நாளெல்லாம் கூட வந்தாள். பேசமாட்டாள். நாய்கள் படுத்திருக்கும் பக்கமாக அவள் நடப்பாள். நான் அழுதால் நடையைக் குறைப்பாள். சில நாள், என் கணவர் விழுந்தபோது நீர் எங்கே போயிருந்தீர் என்று ஆண்டவரை வாய்க்கு வந்தபடி ஏசுவேன். அதற்கும் ஓர் 'உம்' மட்டும்தான். சிம்பாங் வந்ததும் தலையாட்டிவிட்டு எதிர்ப்புறம் போய் நிற்பாள். என் பஸ் முதலில் வந்துவிடும். இப்படியே நான்கு மாதம் போனது.

ஒருநாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், கழுத்தில் பாஸ் இல்லை. அது இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள். டிரைவரிடம் கெஞ்சி உடனே இறங்கினேன். எதிர்ப்புறம் யாரும் இல்லை. தோட்டத்துச் சாலையில் அந்த டார்ச் வெளிச்சம் வீட்டைப் பார்த்துத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

கத்திக் கூப்பிட்டேன். நின்றாள். மூச்சிரைக்க ஓடிப்போய், "நீ வேலைக்குப் போகலையா?" என்றேன்.

"கடை ஒம்பது மணிக்குத்தான்க்கா" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அப்புறம் ஏன் பொய் சொன்னே? சர்ச்சுல அனுப்பினாங்களா?"

"யாரும் அனுப்பல. உள்ளதச் சொன்னா நீங்க வேணாம்பீங்க லா."

"இத்தன நாளா கூட வர்றே. ஒரு வசனம்கூட சொல்லலையே?"

டார்ச் வெளிச்சத்தைத் தரைப் பக்கம் திருப்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எம் புள்ள போனப்ப நீங்க சொன்னீங்கக்கா, நல்ல புள்ளைங்கள ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்குவாருன்னு. அவள கெட்ட புள்ளயா வளத்திருந்தா இருந்திருப்பாளேன்னு நான் யோசிச்சேன். ஒரு வருசம் ஜெபமே பண்ணல."

அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. அன்று மைலோவில் சீனி கூடிப்போனது நினைவிருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் நான் சொன்ன சொல் நினைவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அப்புறம் எப்படித் திரும்பி வந்தே?" என்றேன்.

"பாத்திரம் கழுவிக்கிட்டே தெனமும் அவரத் திட்டுவேன். அவரு திருப்பி ஒண்ணும் சொல்லல. விட்டுட்டும் போகல. அப்பிடியே பேசிப் பேசிப் பழகிப்போச்சு. எனக்கும் வேற ஒண்ணும் சொல்லத் தெரியலக்கா. அதான் சும்மா கூட வந்தேன்."

அந்தச் சாலையிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவளும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாஸ் எடுக்கணும், வாங்க. அடுத்த பஸ்ஸையும் விட்டுடாதீங்க" என்று முன்னால் நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு ஜெபிக்க வாய் வந்தது. அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. 'மீன் கேட்டது நான்தான் ஆண்டவரே' என்று மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவள் என் கையை விடவில்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாக நெஞ்சுக்குள் மூச்சு முழுதாக இறங்கியது.

அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. நான் அதைத் திறப்பதில்லை. துக்க வீட்டுக்கு இப்போதும் முதல் ஆளாகப் போகிறேன், ஆனால் பின்வாசல் வழியாக. குவளைகளைக் கழுவுகிறேன், சோறு வடிக்கிறேன், அழுகிறவர்கள் பக்கத்தில் உட்காருகிறேன். என் வாய்க்கு இது பெரிய தண்டனை என்று ஐக்கியத்துப் பெண்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

போன மாதம் பின் லைனில் ஓர் இந்துக் குடும்பத்தின் வாலிப மகன் இறந்துபோனான். அவன் தாய் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குப் போகிறவர். மறுபடி வேலைக்குக் கிளம்பிய நாள் எனக்கு விடுமுறை. டார்ச் லைட்டோடு அவர் வாசலில் போய் நின்றேன். எங்கே இந்த நேரத்தில் என்று கேட்டார். நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்றேன். அது பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னபோது, என் கணவர் போனபோது ஆண்டவர் எங்கே போயிருந்தார் என்று நான் கேட்ட கேள்விக்குப் பதில், வாயே திறக்காமல் சிம்பாங் வரைக்கும் என் பக்கத்திலேயே நடந்து வந்தது நினைவுக்கு வந்தது.