வலது கையின் நாடி

அந்த டாக்டரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

ஆஸ்டின் டவுனில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலம்; சிவாஜிநகரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்ததில் வலது தோள் நொறுங்கிவிட்டது. செயற்கை மூட்டு வைத்து, கையை மார்போடு சேர்த்துப் பட்டையில் கட்டினார்கள்.

மறுநாள் காலை இட்லி ஊட்டவந்த என் வீட்டுக்காரர் என் விரல்களைத் தொட்டதும் பதறிப்போனார்.

"சிஸ்டர், கை ஜில்லுனு இருக்கு. வெளுத்தும் போச்சு."

"குளிருக்கு அப்படித்தான் சார் இருக்கும். பல்ஸ் இப்பத்தானே பார்த்தேன், நார்மல்."

பார்த்தாள்தான், இடது கையில். ஆபரேஷன் செய்த கையை அசைக்கக்கூடாதென்று அந்த வார்டில் பிரஷர், நாடி எல்லாம் மற்ற கையில்தான் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர், பாவம், தன் மங்கி குல்லாவைக் கழற்றி அந்தக் கைக்கு மாட்டிவிட்டார்.

ஆபரேஷன் செய்த டாக்டர் கதவருகே வந்து நின்றார். "பல்ஸ் நல்லா இருக்காம். நரம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கும்மா, போகப்போக சரியாயிடும்" என்றார். குல்லாவைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை, மகராசன்!

சாயங்காலம் வந்த வேறொரு டாக்டர்தான் குல்லாவை உருவி நாடியைத் தேடினார். இல்லை. அக்குளில் ரத்தக்குழாய் அடைபட்டிருந்தது. அவசரமாகத் திறந்து கையைக் காப்பாற்றினார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துப்போனதால் எடுக்க வேண்டியதாயிற்று. கத்தரி பிடிக்கிற விரல்கள். இந்த ஆபரேஷனில் இப்படி ஆவது ரொம்ப அபூர்வம் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அபூர்வமானது எனக்கு வந்ததில் கோபமில்லை. தொட்டுப் பார்க்காததில்தான் என் வயிறு எரிந்தது.

அதன்பிறகு மாதாமாதம் அந்த முதல் டாக்டரிடம் போனேன். கூட்டமான நாளாகப் பார்த்து, டோக்கன் வாங்கி, நடு பெஞ்சில் உட்காருவேன். தோள் ஆபரேஷனுக்கு வந்தவர்கள் யாரென்று விசாரித்து என் கையைக் காட்டுவேன். "ஆபரேஷன் பண்ணுன கையிலயும் நாடி பாக்கச் சொல்லுங்கம்மா, விட்டுடாதீங்க" என்பேன். சிலர் எழுந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எனக்கு அன்றைக்கெல்லாம் சோறு ருசித்தது.

கடைசியில் அவரே உள்ளே கூப்பிட்டார். கதவை நான் சாத்தவில்லை.

"உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

வலது கையை மேஜைமேல் வைத்தேன். "நாடி பாருங்க டாக்டர்."

வெளியே எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"துடிக்குதும்மா" என்றார்.

"அன்னைக்கு?"

அவர் கையை எடுக்கப் பார்த்தார். இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்; நான் விடவில்லை.