வெயில் வரும் வீடு தேடி: பிம்ப்ரி முதல் மகர்பட்டா வரை

காலை 8.00, பிம்ப்ரி. வெளியே தெருவில் நல்ல வெயில்; வீட்டுக்குள் நாங்கள் ஸ்வெட்டரோடு நிற்கிறோம். இந்த வடக்குப் பார்த்த வீட்டைப் பிடித்த புத்திசாலி நான்தான். போன மே மாதம் சென்னையிலிருந்து தனியாக வந்து, பொட்டு வெயில் விழாத அறைகளைப் பார்த்து அசந்துபோய், அன்றே முன்பணம் கொடுத்தேன். மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சை. என் மனைவி கலாவுக்குப் பழைய ஆஸ்துமா திரும்பி வந்துவிட்டது. வீட்டை மாற்றுங்கள், இல்லையென்றால் இவரைச் சென்னைக்கே அனுப்பிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு வீடு பார்க்கக் கிளம்பும் மூன்றாவது சனிக்கிழமை இது.

8.45, கசார்வாடி. மெட்ரோவில் வந்தோம். பட்டறைகளுக்குப் பின்னால் மூன்றாவது மாடி, வாடகை 14,000. கிழக்கு ஜன்னல் உண்டு என்றார்கள், இருந்தது. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கலா கையை நீட்டித் தொட்டே பார்த்தாள். இறங்கும்போது படியில் இரண்டு முறை உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

11.30, மகர்பட்டா அருகில். ஆட்டோவுக்கு 340 ரூபாய். தரகர் ரஃபீக் பாய்க்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. முப்பது வருடமாக இங்கேதான். ஐந்தாவது மாடி, தெற்குப் பார்த்த பால்கனி, வாடகை 26,000. உள்ளே நுழைந்தால் கும்மிருட்டு. அப்புறம்தான் கவனித்தோம், எல்லா ஜன்னலிலும் கனத்த திரை.

"நம்ம ஊரு ஆளுங்கன்னாலே வெயில் வர்ற வீடு வேணாம்பாங்க அக்கா. அதான் காலையிலேயே வந்து பர்தா எல்லாம் பந்த் பண்ணி வெச்சேன்" என்றார் ரஃபீக் பாய். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பார்.

கலா ஒவ்வொரு திரையாக விலக்கினாள். ஜனவரி வெயில் பாதிக் கூடம் வரை வந்து விழுந்தது. அதற்கு முதுகைக் காட்டித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் பால்கனிக்குப் போனேன். நேர் எதிரே பெரிய பள்ளம் தோண்டிக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு மாடி வரப்போகிறதாம். அப்படியே தளர்ந்துவிட்டேன். இன்னொரு சனிக்கிழமை அலைய எனக்குத் தெம்பில்லை. அவளிடம் மறைக்கவும் மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன்.

கலா எழுந்திருக்கவில்லை. வாடகை ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்று பாயைக் கேட்டாள். எல்லாருக்கும் பதினோரு மாதம்தான் என்றார் அவர்.

"அது இன்னும் பள்ளத்துலதானே இருக்கு. மேல வர்ற வரைக்கும் மூச்சு விட்டுக்கறேன். எழுதுங்க பாய்."